திரை போட்ட கார்

வெள்ளவத்தை,
10.6.1946

அன்பும் மரியாதையும் நிறைந்த ஸவாஹிர் நானாவுக்குத் தங்கை பஹ்மியா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். பதுளைக் குளிருக்கு உங்கள் முழங்கால் வலி எப்படி? பைறோஸா மச்சியும் சின்னவள் ஸபிய்யாவும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டேன். கார் மட்டும் சுகமில்லை. போன செவ்வாய்க்கிழமை ஹமீமாவை மருதானைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் திரும்பி வரும்போது, பம்பலப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட பெரிய சத்தம் ஒன்று போட்டு நின்றுவிட்டது. டிரைவர் பழனிமுத்து இறங்கி மூடியைத் திறந்தால் ஒரே புகை. நான் திரைக்குள்ளே வியர்த்து வடிய உட்கார்ந்திருக்கிறேன், பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். "தல்லு கரண்ட, தல்லு கரண்ட" என்று யாரோ சிங்களத்தில் தள்ளச் சொல்லிக் கூவ, ரோட்டில் நின்ற நாலைந்து பேர் சேர்ந்து காரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். உள்ளே ஒரு பொம்பளை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கூலி கூடக் கேட்டிருப்பார்கள்.

இப்போது கார் கொட்டாஞ்சேனையில் றொபேட்டின் கராஜில் கிடக்கிறது. பார்த்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டாராம். "என்ஜினத் திருத்தினா கியர்பொக்ஸ் கேக்கும், கியர்பொக்ஸத் திருத்தினா கூரை கேக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க முதலாளி" என்று இவரிடம் சொல்லியிருக்கிறார்.

காரை வாப்பா என் கலியாணத்துக்குத் தந்தது என்பதால், உங்களைக் கேட்காமல் இவர் எதுவும் செய்ய மாட்டார். இந்த வாரம் உங்களுக்கு எழுதுவார். நன்றாக யோசித்துப் பதில் எழுதுங்கள் நானா. இதற்குமேல் நான் சொல்வது முறையில்லை.

ஹமீமா வீட்டில்தான் இருக்கிறாள். பெரிய பிள்ளையான நாள் முதல் திரை போட்ட காரில்தானே போய் வருகிறாள். அது வரும்வரைக்கும் போக வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். அவளுடைய புத்தகப் பை ஆணியில் தொங்குகிறது. போகும்போதும் வரும்போதும் என் தோளில் இடிக்கிறது.

மச்சிக்கு என் ஸலாம். உங்கள் துஆவை வேண்டி நிற்கும்,
தங்கை பஹ்மியா.


புறக்கோட்டை,
14.6.1946

கண்ணியம் மிகுந்த மச்சான் ஸவாஹிர் அவர்களுக்கு ஹாஷிம் அன்புடன் எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் அனைவரின் நலத்துக்கும் வல்ல நாயனை இறைஞ்சுகிறேன். எங்கள் சுகத்தில் குறைவில்லை.

கார் விஷயம் தங்கள் தங்கை எழுதி அறிந்திருப்பீர்கள். கார் பழையது. யுத்தம் முடிந்தும் சாமான்கள் சீமையிலிருந்து எப்போது வரும் என்று கப்பல்காரனுக்கே தெரியவில்லை. றொபேட் என்ஜினை இறக்கி, தேய்ந்த பாகங்களைக் கடைந்து போடலாம் என்கிறார். ஆனால் கடையில் நாலைந்து மாதம் உழைப்பது அதற்கே போய்விடும். அதற்குப் பிறகும் எத்தனை வருஷம் ஓடும் என்று கேட்டால், தான் மெக்கானிக், நஜூம் பார்த்துச் சாத்திரம் சொல்பவன் அல்ல என்று சிரிக்கிறார். விற்பதானால் இன்றைக்கு நல்ல விலை இருக்கிறது. புதுக் காருக்குப் பெயர் பதிந்துவிட்டு ஆட்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கும் காலம் இது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் தீர்மானிக்கும் உரிமை எனக்கில்லை. மர்ஹூம் மாமா அவர்கள் உயிரோடிருந்தபோது மனமுவந்து தந்த பொருள் அது. தாங்களே பதுளைத் தோட்டத்துத் துரையிடம் பார்த்து வாங்கி, மலையிலிருந்து இறக்கிக் கொண்டு வந்தீர்கள். தங்கள் சம்மதம் இல்லாமல் அதில் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட மாட்டேன். தாங்கள் எப்படிச் சொன்னாலும் எனக்குப் பூரண திருப்தியே.

ஜன்னல் திரைகளை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். கராஜில் எண்ணெய் பட்டுவிடும்.

வஸ்ஸலாம்.
தங்கள் அன்புள்ள,
ஹாஷிம்.


பதுளை,
21.6.1946

அன்புள்ள மச்சான் ஹாஷிம் அவர்களுக்கு, வஅலைக்கும் ஸலாம். கடிதம் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், இங்கே மழையும் முழங்கால் வலியும் தவிர வேறு குறையில்லை.

மச்சான், இவ்வளவு கூச்சம் எதற்கு? காரை வாப்பா தந்தது பதினைந்து வருஷத்துக்கு முன். தந்தது தந்ததுதான். ஓட்டைக் காரை விற்க என்னிடம் சம்மதம் கேட்டு ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்; உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும். விற்றால் நாங்கள் மனம் நோவோம் என்று நினைக்க வேண்டாம். நிம்மதியாக விற்றுவிடுங்கள். உழைத்ததையெல்லாம் அந்தத் தகரத்துக்குள் கொட்டக் கூடாது.

வாங்க ஆளும் நான் பார்த்துவிட்டேன். செல்லையா என்று பண்டாரவளையில் ஒருவர், கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிறவர், என் கடை வாடிக்கைக்காரர். பின்பக்கத்தை வெட்டிவிட்டுச் சின்ன லொறியாக்கப் போகிறாராம். றொபேட் சொல்லும் விலைக்குக் குறையாமல் தருவார். வாக்குக் கொடுத்துவிட்டேன், நீங்கள் இனி யோசிக்க வேண்டியதில்லை.

வஸ்ஸலாம்.
ஸவாஹிர்.


பதுளை,
21.6.1946

அன்புத் தங்கை பஹ்மியாவுக்கு நானாவின் ஸலாமும் துஆவும். நாங்கள் சுகம். உன் சுகமும் ஹமீமாவின் சுகமும் எழுது.

மச்சானின் கஷ்டத்தைத் தீர்த்துவிட்டேன். பாவம், விற்க ஆசை, வாய் விட்டுச் சொல்லக் கூச்சம். "தாங்கள் எப்படிச் சொன்னாலும் திருப்தி" என்று எழுதும் மனுஷனின் மனசு உன் நானாவுக்குத் தெரியாதா? பதினைந்து வருஷமாகக் கடையில், "சும்மா பார்க்க வந்தோம்" என்று சொல்கிறவர்களின் கண் எந்தப் புடைவையில் நிற்கிறது என்று பார்த்துப் பழகியவன்.

நீ கவலைப்படாதே. பொம்பளைகளுக்குப் பழைய சாமான் மேலே ஒரு பற்று. அந்தக் கார் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? துரையின் நாய் பின் சீட்டில் இருந்தது என்று கேள்விப்பட்டு, மார்க்க முறைப்படி ஏழு தரம் கழுவி, அதில் ஒரு தரம் மண்ணாலும் கழுவினால்தான் மகளை ஏற்றுவேன் என்று வாப்பா நின்றுவிட்டார். சீட்டு காயாமல் நீ மாப்பிள்ளை வீட்டுக்கு ஈரச் சேலையோடு போய் இறங்கினாய். அந்தக் காருக்காக இன்னும் யாராவது அழுவார்களா?

உனக்கு ஏதாவது துணி வேண்டுமானால் எழுது. கூப்பனுக்குத்தான் துணி என்ற காலமானாலும் தங்கைக்கு இல்லாத துணியா?

பைறோஸா ஸலாம் சொல்கிறாள்.
உன் நானா,
ஸவாஹிர்.


வெள்ளவத்தை,
18.8.1946

மரியாதைக்குரிய நானாவுக்குத் தங்கையின் ஸலாம். நோன்பு நல்லபடி போகிறது. எல்லோரும் சுகம்.

போன மாதமே எழுதியிருக்க வேண்டும், பிந்திவிட்டது. கார் போய்விட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்தே உங்கள் செல்லையாவின் லொறி கட்டி இழுத்துப் போனதாம். நாங்கள் பார்க்கவில்லை. பழனிமுத்துவை இவர் கடையில் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

ஸபிய்யாவுக்குப் பெருநாள் உடுப்பு ஒன்று அனுப்புகிறேன். ஹமீமா தைத்தது. இப்போது அவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது. முன்பக்கத்துப் பூவேலைக்கு மட்டும் பத்து நாள் உட்கார்ந்தாள். கையும் கண்ணும் நல்ல சுத்தம் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். தையல் தெரிந்த பெண்ணுக்கு நல்ல இடம் வரும் என்றும் சொல்கிறார்கள்.

வேறு விசேஷமில்லை. பெருநாள் ஸலாம் எல்லோருக்கும்.
பஹ்மியா.


பதுளை,
4.9.1946

அன்புத் தங்கை பஹ்மியாவுக்கு நானாவின் ஸலாம். பெருநாள் நல்லபடி கழிந்தது. உங்கள் பெருநாளும் அப்படியே கழிந்திருக்கும்.

உடுப்பு அளவெடுத்தது போலப் பொருந்திவிட்டது. ஸபிய்யா அதைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாள். அதோடேதான் தூங்குகிறாள். பைறோஸா தையலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூடம் போற பிள்ளட தையல் இல்ல, ஊட்டுக்குள்ள ஈக்கிற பிள்ளட தையல்" என்றாள். அவள் ஏதோ பேச்சுக்குச் சொன்னாள். நான் சிரித்தேன்.

பிறகு பார்சல் சுற்றியிருந்த துணியை மடிக்க எடுத்தேன். பச்சை வொயில். ஓரத்தில் கம்பி கோக்க மடித்துத் தைத்திருக்கிறது. பஹ்மியா, ஒரு துணியை நான் என் கையால் அளந்து கிழித்தால் அது எனக்கு மறக்காது. உன் கார் ஜன்னலுக்கு என் கடையிலிருந்து நானே தந்த துணி அது.

கார் இல்லாத வீட்டில் திரை எதற்கு, பார்சல் சுற்றினால் என்ன என்று முதலில் நினைத்தேன். கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகு மற்றது ஞாபகம் வந்தது. ஹமீமா எதில் பள்ளிக்கூடம் போகிறாள்? ஜூன் மாதத்துக் கடிதத்தைத் தேடி எடுத்து மறுபடி வாசித்தேன். பை ஆணியில் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். இன்னும் அங்கேதானா தொங்குகிறது?

நேராக எழுது. சுற்றிச் சுற்றி எழுதினால் எனக்கு விளங்காது என்று இப்போது எனக்கே விளங்குகிறது.

உன் நானா,
ஸவாஹிர்.


வெள்ளவத்தை,
11.9.1946

நானாவுக்குத் தங்கையின் ஸலாம். சுகம் விசாரித்துப் பெரிதாக எழுத இன்று மனமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் முழங்காலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓம், பை அங்கேதான் தொங்குகிறது.

நேராக எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். ஹமீமா பெரிய பிள்ளையானதும் இவருடைய சொந்தக்காரர்கள் எல்லோரும் படிப்பை நிறுத்தச் சொன்னார்கள். இவர் நிறுத்தவில்லை. எங்கள் வாசலில் ஏறி, பள்ளிக்கூட வாசலில் இறங்கும், ஜன்னலுக்குத் திரை இருக்கும், உம்மா பக்கத்தில் இருப்பாள், யாருக்கு என்ன குறை என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தார். கார் போனதும் அந்தப் பேச்சும் போயிற்று. வாடகைக் காரில் அந்நிய டிரைவரோடு அனுப்ப இவருக்கு மனமில்லை. றிக்ஷோவில் மருதானை வரைக்கும் போக முடியாது. பஸ்ஸைப் பற்றி நான் வாய் திறக்கவேயில்லை.

உங்களுக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. இவர் காரைத் திருத்தத்தான் இருந்தார். பணத்தையும் ஒதுக்கி வைத்தார். உங்களிடம் கேட்டது மரியாதைக்கு. நீங்கள் "நிம்மதியாக விற்றுவிடுங்கள்" என்று எழுதியதும் இவர் முகம் சுருங்கிப் போயிற்று. "ஒங்கட நானா வாக்குக் குடுத்திட்டார். இனி நான் இல்லேண்டு சென்னா அவருக்கு எவ்வளவு வெக்கம்?" என்று கேட்டார். நீங்கள் அவருக்காக விற்கச் சொன்னீர்கள், அவர் உங்களுக்காக விற்றார்.

கலியாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடும்போது கடைசியில் ஒரு துண்டு இறைச்சி மிஞ்சும், பார்த்திருப்பீர்கள்தானே? "நீங்க எடுங்கோ", "இல்ல, நீங்க எடுங்கோ" என்று ஆளுக்காள் தள்ளி, ஒருவரும் தொடாமல் எழும்பிப் போவார்கள். பிறகு அதைப் பூனை தின்னும். என் மகளின் படிப்பை நீங்கள் இரண்டு பேரும் அப்படித்தான் தள்ளினீர்கள். நானும் அந்த சஹனில் இருந்தவள்தான். புருஷனை மீறி நானாவுக்கு எழுதக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்ற நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. நீங்கள்தான் பள்ளிக்கூடத்துக்குப் போய் என் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். நான் அழுதேன். நீங்கள் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு மாங்காய் வாங்கித் தந்தீர்கள். தின்றுவிட்டு மறுபடி அழுதேன். ஹமீமா ஒரு நாளும் அழவில்லை நானா. சொன்னதைச் செய்கிறாள், தைக்கிறாள், மாவிடிக்கிறாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்துப் பெரிய மிஸ் ஆள் அனுப்பிக் கேட்டார். இந்தத் தவணையும் வராவிட்டால் பெயரை எடுத்துவிட வேண்டி வருமாம். கணக்கில் வகுப்பிலேயே முதல் பிள்ளை, இன்னும் இரண்டு வருஷத்தில் எஸ்.எஸ்.ஸி. எடுக்கலாமே என்று கவலைப்பட்டாராம்.

பச்சைத் துணியில் பார்சல் சுற்றியதற்குக் காரணம் வேறு துணிக்குக் கூப்பன் இல்லாததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துஆ செய்யுங்கள்.
பஹ்மியா.


பதுளை,
23.9.1946

மச்சான் ஹாஷிம் அவர்களுக்கு ஸலாம். எல்லோரும் சுகம்தானே? இந்தக் கடிதத்தை மரியாதை இல்லாமல் எழுதப் போகிறேன். மரியாதையாக எழுதித்தான் இவ்வளவும் வந்தது.

பஹ்மியாவைக் கோபிக்க வேண்டாம். நான் வற்புறுத்திக் கேட்டதால்தான் எழுதினாள். நீங்கள் திருத்த நினைத்திருக்கிறீர்கள், நான் உங்களுக்கு உபகாரம் செய்வதாக நினைத்து விற்க வைத்திருக்கிறேன். ஆட்களின் மனசைக் கண்ணைப் பார்த்து அறிகிறவன் என்று தங்கைக்குப் பெருமை வேறு அடித்தேன். வெட்கமாக இருக்கிறது மச்சான்.

காரைத் திருப்பி வாங்கி வருவோம் என்று பண்டாரவளைக்குப் போனேன். செல்லையா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். பின்பக்கத்தை வெட்டியாயிற்று. நம்முடைய பின் சீட் அவர் வீட்டு வாசலில் பெஞ்சாகக் கிடக்கிறது, அதன்மேலே ஒரு நாய் படுத்திருக்கிறது. வாப்பா பார்த்திருந்தால்! ஆனால் அது பெரிதில்லை. வெட்டும்போதுதான் அடியில் சேஸிச் சட்டம் வெடித்திருப்பதைக் கண்டார்களாம். "இத நீங்க எவ்வளவு சல்லி போட்டுத் திருத்தியிருந்தாலும் பிரயோசனமில்ல மொதலாளி. ஒரு நாளைக்கு ரோட்டுலயே ரெண்டா பிரிஞ்சிருக்கும். உள்ள யாரு இருந்திருப்பாங்களோ" என்றார். நான் அந்தப் பெஞ்சிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நாய் இருந்த இடம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகவே திருத்துவது வீண், விற்றது சரி. காரைப் பொறுத்தமட்டில் நம் இரண்டு பேரின் கடிதமும் சரி. ஆனால் நாம் காரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தோம். ஹமீமாவைப் பற்றி நீங்களும் ஒரு வரி எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். அவள் படிக்க வேண்டும் என்று உங்கள் மனசில் இருக்கிறதா? ஓம் என்றால் ஓம் என்று எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள், சண்டை பிடிப்பேன், ஆனால் விளங்கிக்கொள்வேன். "தங்கள் விருப்பம்" என்று மட்டும் எழுதினால் அடுத்த ரெயிலில் வந்து உங்கள் வாசலில் உட்காருவேன், சோறு போட்டாலும் எழும்ப மாட்டேன்.

ஸவாஹிர்.


புறக்கோட்டை,
30.9.1946

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகம். தங்கள் சுகத்துக்கும் துஆ.

ஓம்.

இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத முடிகிறது. சேஸி விஷயம் வாசித்துவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். அல்லாஹ் காப்பாற்றினான்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை கடைக்குப் போக இறங்கியபோது, கார் நிற்கும் கொட்டகைக்குள் ஆள் அசைவது தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். வெறும் கொட்டகையின் நடுவில் பாய் போட்டு ஹமீமா இருக்கிறாள், மடியில் புத்தகம். "இங்க எனத்துக்கு மவள், உள்ள வெளிச்சமில்லையா?" என்று கேட்டேன். "கார்ல ஏறினொடன பாடம் பாக்கிற பழக்கம் வாப்பா. இங்க இருந்தாத்தான் மனசில நிக்கிது" என்றாள். கார் போன நாள் முதல் தினமும் காலையில் அங்கே வந்து இருக்கிறாளாம். நான் கடைக்குப் போகிற நேரமும் அதுதான். எத்தனையோ நாள் அந்தக் கொட்டகையைத் தாண்டிப் போயிருக்கிறேன், திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கடையில் எனக்கு ஒரு வியாபாரமும் ஓடவில்லை மச்சான்.

நான் பயந்தேன். சொந்தத்துக்கும் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கும் பயந்தேன். திரை இருந்தால் நான் துணிந்தவன், திரை இல்லாவிட்டால் துணிவில்லை என்று ஆகிவிட்டது.

காரில்லாத இந்த மாதங்களில் நான் தினமும் வெள்ளவத்தையில் ரெயில் ஏறித்தான் கடைக்கு வருகிறேன். அதில் பெண்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. நர்ஸ்மார், டீச்சர்மார் தினமும் ஏறுகிறார்கள், கண்ணால் காண்கிறேன். அதே ரெயில்தான் மருதானைக்கும் போகிறது. காரைத் திருத்துவதா விற்பதா என்று தலையை உடைத்தவனுக்கு இது தோன்றவில்லை.

நேற்று இரவு உங்கள் தங்கையிடம் கேட்டேன். "பழகும் மட்டும் நீயும் பிள்ளையோட வாறியா?" அவள் உடனே எழும்பிப் போனாள். வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன். பார்த்தால் ஆணியிலிருந்து பையை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள்.

வஸ்ஸலாம்.
ஹாஷிம்.


வெள்ளவத்தை,
17.10.1946

என் அன்புள்ள நானாவுக்குத் தங்கையின் நிறைந்த ஸலாம். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். பைறோஸா மச்சிக்கும் ஸபிய்யாவுக்கும் என் முத்தம். முழங்காலுக்கு நாட்டு வைத்தியரின் எண்ணெய் ஒன்று இவர் வாங்கி வைத்திருக்கிறார், ஆள் வரும்போது அனுப்புகிறேன்.

நானா, நான் ரெயிலில் போனேன்.

முதல் நாள் முக்காட்டைக் கண் வரைக்கும் இழுத்து, ஹமீமாவின் கையைப் பிடித்தபடி ஸ்டேஷனில் நின்றேன். பெண்கள் பெட்டியில் எங்களை ஏற்றிவிட்டு இவர் பக்கத்துப் பெட்டிக்கு ஓடினார். உள்ளே ஒரு பருத்த சிங்கள நோனா, மடியில் கூடை, நகர்ந்து உட்கார்ந்து "வாடி வென்ட துவ" என்று மகள் முறை சொல்லிக் கூப்பிட்டு ஹமீமாவுக்கு இடம் தந்தாள்.

பம்பலப்பிட்டியில் ரெயில் நின்றதும் ஜன்னலில் இவர் முகம் தெரிந்தது. "இறங்கிடாதீங்கோ, இது இல்ல!" என்று சொல்லிவிட்டு ஓடினார். கொள்ளுப்பிட்டியில் மறுபடி வந்தார். "இதும் இல்ல!" கொம்பனித்தெருவில் அவர் வாயைத் திறக்கும் முன்னமே நோனாவும் இரண்டு நர்ஸ்மாரும் சேர்ந்து "மே நெவெய், மே நெவெய்" என்று சிங்களத்தில் அதையே அவருக்குச் சொல்லிவிட்டார்கள். பெட்டி முழுதும் ஒரே சிரிப்பு. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. கோட்டையில் அவர் இறங்கும் இடம். இறங்காமல் மருதானை வரைக்கும் வந்து, பள்ளிக்கூட வாசலில் எங்களை விட்டுவிட்டுத் திரும்பிக் கடைக்குப் போனார். பத்து நாளாக அப்படித்தான் செய்கிறார். இப்போது ஜன்னலுக்கு வருவதை மட்டும் விட்டுவிட்டார். அவர் வராத முதல் நாள், ஏன் காணவில்லை என்று நோனா கேட்டாள்.

பள்ளிவாசலில் யாரோ "என்ன முதலாளி, மவள ரெயில்ல ஏத்திட்டீங்களாமே?" என்று கேட்டார்களாம். "ஓம், நானும் கூடத்தானே போறன். நீங்களும் வாறீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தாராம். வீட்டுக்கு வந்து அதை என்னிடம் இரண்டு தரம் சொன்னார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை நானா.

பெரிய மிஸ் பெயரை எடுக்கவில்லை. விட்ட பாடத்தை ஹமீமா ராப்பகலாக எழுதிச் சேர்க்கிறாள். முதல் நாள் பின்னேரம் நான் கூட்டிவரப் போனபோது வாசலுக்கு ஓடி வந்தவள், என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரோட்டில் நிற்கிறோம், ஆட்கள் பார்க்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அழட்டும் என்று நின்றேன்.

இன்னொன்று எழுத வெட்கமாக இருக்கிறது. காரில் காலிமுகத்திடலைத் தாண்டும்போதெல்லாம் திரைக்குள்ளால் கடலைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பச்சை. ரெயில் கரையோடே போகிறது, தண்ணீர் தெறிக்கிற அளவுக்குக் கிட்ட. அது பச்சையில்லை. போகும்போது ஒரு நிறம், பின்னேரம் திரும்பும்போது வேறொரு நிறம். ஹமீமாவிடம் சொன்னேன், "இவ்வளவு நாளும் தெரியாதா உம்மா?" என்று சிரித்தாள்.

நானா, துணி வேண்டுமானால் கேட்கச் சொல்லியிருந்தீர்கள், கேட்கிறேன். இத்துடன் எங்கள் கூப்பன் வைத்திருக்கிறேன். ஹமீமா இந்த மாதங்களில் நன்றாக வளர்ந்துவிட்டாள், பள்ளிக்கூட உடுப்பு ஒன்றும் பத்தவில்லை. வெள்ளைத் துணி அனுப்புங்கள். நல்ல உரமானதாக, அடித்துத் துவைத்தாலும் இரண்டு வருஷம் தாங்குவதாகப் பார்த்து அனுப்புங்கள்.

பச்சை வேண்டாம்.

உங்கள் துஆவோடு என்றும்,
தங்கை பஹ்மியா.